பன்னிரண்டு வயதுப் பூனைக்குச் சர்க்கரை நோய்: ஊசியின் அளவைக் கூட்டும் முன் சிரிஞ்சைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் பூனை பஞ்சுவுக்கு 12 வயது. கருத்தடை செய்த ஆண். போன வருடம் 6.4 கிலோ இருந்தவன் இப்போது 5 கிலோதான். கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடிக்கிறான், மணல் தட்டு முழுக்க ஈரம். நடக்கும்போது பின்னங்காலின் குதிகால் வரை தரையில் படுகிறது. ரத்தச் சர்க்கரை 412 என்று வந்ததால் கிளார்ஜின் இன்சுலினை காலை, மாலை 1 யூனிட் போடச் சொன்னார் மருத்துவர். மருந்துக் குப்பியில் 100 என்று இருக்கிறது. கடையில் கொடுத்த சிவப்பு மூடி சிரிஞ்சில் 40 என்று இருக்கிறது. பத்து நாள் கழித்து மருத்துவமனையில் பார்த்தால் 348. நானே 2 யூனிட்டாகக் கூட்டலாமா? ஊசி போட்ட நாலைந்து மணி நேரத்தில் கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டு கிடக்கிறான், எழுந்ததும் வெறியோடு சாப்பிடுகிறான். இது சாதாரணம்தானா? மனிதர்களுக்கான சர்க்கரை மாத்திரை கொடுத்து ஊசியை நிறுத்த முடியாதா? உணவில் என்ன மாற்ற வேண்டும்? அவன் நடை பழையபடி ஆகுமா?

பதில்: கூட்டாதீர்கள். மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் வருகிறேன். அதற்கு முன் இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது.

உங்கள் குப்பியில் உள்ள 100 என்ற எண்ணுக்கு, 1 மில்லியில் 100 யூனிட் இன்சுலின் இருக்கிறது என்று பொருள். சிரிஞ்சில் உள்ள 40, 1 மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்துக்காகக் கோடு போட்ட சிரிஞ்சு அது என்பதைச் சொல்கிறது. அந்தச் சிரிஞ்சின் ஒரு கோடு 0.025 மில்லி. உங்கள் மருந்தை அதில் ஒரு கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 1 யூனிட் அல்ல, 2.5 யூனிட். பத்து நாளாகப் பஞ்சுவுக்கு வேளைக்கு இரண்டரை மடங்கு மருந்து போயிருக்கிறது. இப்போது நீங்கள் '2' என்று கூட்டினால் உண்மையில் போவது 5 யூனிட். ஐந்து கிலோப் பூனையின் உயிருக்கே ஆபத்தான அளவு அது. இது உங்கள் கவனக்குறைவு என்று நினைக்க வேண்டாம். பூனைக்கு இன்சுலின் தொடங்கும்போது அடிக்கடி நடக்கும் குழப்பம் இது. எழுதிக் கேட்டது நல்லதாயிற்று.

அவன் கட்டிலுக்கடியில் ஒளிவதும், எழுந்ததும் அகோரப் பசியோடு சாப்பிடுவதும் சாதாரணத் தூக்கமாகத் தெரியவில்லை. மருந்து உச்சமாக வேலை செய்யும் நேரத்தில் சர்க்கரை தேவைக்கு மேல் இறங்குவதன் அடையாளமாக இருக்கலாம். சர்க்கரை ரொம்பக் கீழே போனால் உடல் தற்காப்புக்காக வேறு ஹார்மோன்களைச் சுரந்து அதை மேலே ஏற்றிவிடும். அந்த நேரத்தில் அளந்தால் 'மருந்து போதவில்லை' என்றே தோன்றும். எண்ணை மட்டும் பார்த்துக் கூட்டக் கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே அடுத்த ஊசிக்கு முன் உங்கள் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, நடந்ததை அப்படியே சொல்லுங்கள்: எந்தச் சிரிஞ்சு, எத்தனை நாள், ஒளிந்துகொள்வது, பசி. 100-க்கான சிரிஞ்சு வாங்குங்கள். அதிலும் 0.3 மில்லி கொள்ளளவும் அரை யூனிட் கோடுகளும் உள்ளதாகக் கேளுங்கள். பொதுவாக 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. ஆனாலும் நிறத்தை நம்பாமல் எழுத்தைப் படித்து வாங்குங்கள். இன்றிரவுக்குள் சரியான சிரிஞ்சு கிடைக்கவில்லை என்றால் அந்த வேளை ஊசியை விட்டுவிடலாம். நன்றாகச் சாப்பிடும் பூனைக்கு ஒரு வேளை தவறினால் அரைநாள் சர்க்கரை ஏறியிருக்கும், அவ்வளவுதான். பழைய சிரிஞ்சிலேயே 'அரைக் கோட்டுக்கும் கொஞ்சம் குறைவாக' எடுத்துச் சமாளிக்க மட்டும் வேண்டாம். 1 யூனிட்டுக்கு அந்தச் சிரிஞ்சில் 0.4 கோடு எடுக்க வேண்டும். எவர் கண்ணாலும் அதைத் துல்லியமாகப் பார்க்க முடியாது.

எத்தனை முறை சொன்னாலும் தகும் ஒரு விஷயம்: சர்க்கரை 350-லேயே சில நாள் இருந்தாலும், சாப்பிட்டுக்கொண்டு சுறுசுறுப்பாக இருக்கும் பூனைக்கு உடனடி ஆபத்து குறைவு. 40-க்கு இறங்கினால் சில மணி நேரத்திலேயே வலிப்பு வந்து உயிர் போகலாம். அதனால்தான் சிறிய அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுகிறோம். அநேகமாக எல்லாப் பூனைகளுக்கும் வேளைக்கு 1 யூனிட், உடல் பெரிதாக இருந்தாலும் ஆரம்பத்தில் 2 யூனிட்டுக்கு மேல் போவதில்லை. கூட்டினாலும் அரை அரை யூனிட்டாக, ஒரு வாரமாவது இடைவெளி விட்டு. கிளார்ஜின் ஓர் அளவில் நிலைகொள்ளச் சில நாள் பிடிக்கும்.

சர்க்கரை இறங்கினால் என்ன செய்வது என்பதை வீட்டில் உள்ள எல்லோருக்கும் இன்றே சொல்லி வையுங்கள். தள்ளாட்டம், நடுக்கம், கூப்பிட்டால் திரும்பாமை, வெறித்த பார்வை, திடீர்ப் பசி, பிறகு வலிப்பு: இவைதான் அடையாளங்கள். விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே அவன் விரும்பும் உணவைக் கொடுங்கள். சாப்பிட மறுத்தால் ஒரு தேக்கரண்டி தேனையோ கெட்டியாகக் கரைத்த குளுக்கோஸையோ விரலில் தொட்டு ஈறில் தடவுங்கள். தொண்டைக்குள் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். வலிப்பின்போது வாய்க்குள் விரலை விட வேண்டாம், உதட்டோரத்தில் தடவினால் போதும். தெளிந்துவிட்டான் என்றாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். கிளார்ஜின் நீண்ட நேரம் வேலை செய்வதால் சர்க்கரை மறுபடி இறங்கும்.

இனி அந்த 348. மருத்துவமனையில் எடுக்கும் ஒற்றை அளவு பூனைகள் விஷயத்தில் அதிகம் ஏமாற்றும். கூண்டு, பயணம், நாய்க் குரைப்பு, பிடித்து அழுத்துவது எல்லாம் சேர்ந்து, சர்க்கரை நோயே இல்லாத பூனைக்கும் 300-ஐத் தாண்ட வைக்கும். அதற்காகத்தான் ஃப்ரக்டோசமைன் என்ற ரத்தப் பரிசோதனை. கடந்த ஒன்றிரண்டு வாரச் சர்க்கரையின் சராசரியை அது காட்டும், அன்றைய பயம் அதைப் பாதிக்காது. அதைவிட நல்லது வீட்டில் அளப்பது.

காது மடலின் வெளி விளிம்போரம் மெல்லிய ரத்தக் குழாய் ஒன்று ஓடுவதை வெளிச்சத்தில் பார்க்கலாம். வெதுவெதுப்பான துணியால் காதை அரை நிமிடம் பிடித்தால் அது புடைக்கும். மேலே மிக மெல்லிதாக வாசலின் தடவினால் ரத்தம் முடியில் பரவாமல் முத்தாக நிற்கும். காதின் உள்பக்கம் பஞ்சை வைத்துத் தாங்கி, விளிம்புக்கும் ரத்தக் குழாய்க்கும் நடுவே குத்துங்கள். சர்க்கரை மீட்டரில் செருகிய ஸ்டிரிப்பின் நுனியைத் துளியில் தொட்டால் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். பிறகு பஞ்சால் சில நொடி அழுத்திப் பிடித்தால் நீலம் கட்டாது. முதல் சில நாள் ஸ்டிரிப் வீணாகும், அதற்காக விட்டுவிடாதீர்கள். மனிதர்களுக்கான மீட்டர் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைத்தே காட்டும். பூனைக்கென்று அளவு திருத்திய மீட்டர் கிடைத்தால் அதையே வாங்குங்கள். எதை வாங்கினாலும் ஒன்றையே தொடர்ந்து பயன்படுத்துங்கள், எந்த மீட்டர் என்று மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

தினமும் ஊசிக்கு முன் ஓர் அளவு. அது 200-க்குக் கீழே இருந்தால், இந்த ஆரம்ப வாரங்களில் ஊசி போடாமல் மருத்துவரைக் கேளுங்கள். வாரம் ஒரு நாளோ, மருத்துவர் சொல்லும் நாளிலோ, காலை ஊசிக்கு முன் தொடங்கி மாலை ஊசி வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து எழுதுங்கள். அந்த ஏழு எண்களில் மிகக் குறைந்ததுதான் மருந்தளவைத் தீர்மானிக்கிறது. அது 80-க்கும் 150-க்கும் இடையில் இருப்பது நல்லது. 80-க்குக் கீழே போனால் மருந்தைக் குறைக்க வேண்டும். 60-க்குக் கீழே என்றால் அவன் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் உடனே உணவு, உடனே தொலைபேசி. காலை அளவு 320 இருந்து மதியம் 95 ஆக இருந்தால் மருந்து போதும். இந்த மதிய எண்ணைப் பார்க்காமல் கூட்டும் இடத்தில்தான் விபத்து நடக்கிறது.

குத்தவே முடியாத பூனைகளுக்கு, தோலில் ஒட்டும் தொடர் சர்க்கரை உணரியைச் சில மருத்துவர்கள் பொருத்துகிறார்கள். மனிதர்களுக்கு இரண்டு வாரம் வரை வேலை செய்யும் அது, பூனை தேய்த்துக்கொள்வதால் பெரும்பாலும் சீக்கிரமே கழன்றுவிடும். ஆனாலும் சில நாள் இரவு பகலாகக் கிடைக்கும் சர்க்கரை வரைபடம், முதல் மாதத்தில் விலைமதிப்பற்றது.

ஊசி போடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். காதுக் குத்தலைவிட இன்சுலின் ஊசி பூனைக்கு மிகக் குறைவாகவே உறைக்கும், அந்த முனை அவ்வளவு மெல்லியது. கிளார்ஜின் தண்ணீர்போல் தெளிவாக இருக்க வேண்டும். குலுக்க வேண்டாம், கலங்கியிருந்தால் தூக்கி எறியுங்கள். குப்பியைத் தலைகீழாகப் பிடித்துக் கோடு வரை இழுத்து, குமிழ் இருந்தால் தட்டி வெளியேற்றுங்கள். தோலுக்கடியில் குமிழ் போனால் பூனைக்குக் கெடுதல் இல்லை. ஆனால் 1 யூனிட் என்பது 0.01 மில்லிதான், ஒரு சின்னக் குமிழ் அதில் பாதியைத் தின்றுவிடும். அவன் சாப்பிட்டு முடித்ததும், மார்பின் பக்கவாட்டிலோ விலாவிலோ தோலை மூன்று விரலால் கூடாரம்போலத் தூக்கி, அதன் அடிப்பகுதியில் உடலுக்கு இணையாக ஊசியைச் செலுத்துங்கள். பிடரியில் ரத்த ஓட்டம் குறைவு, அங்கேயே தினமும் போட்டால் தோல் தடித்து மருந்து சீராக ஏறாது. இடம் வலம் மாற்றி மாற்றிப் போடுங்கள். ஊசியை எடுத்ததும் அந்த இடத்து முடியைத் தடவிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் ஊசி மறுபக்கம் துளைத்து மருந்து வெளியே போயிருக்கிறது. அப்போதும் மறுபடி போடாதீர்கள். எவ்வளவு உள்ளே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. இரண்டு பேர் இருக்கும் வீட்டில் 'நீ போட்டாயா, நான் போட்டேனா' என்ற குழப்பமும் வரும். சந்தேகம் வந்தால் போடாமல் விடுவதே சரி. பிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டி, போட்டவர் உடனே நேரத்தையும் அளவையும் எழுதிவிடுங்கள்.

குப்பியைப் பிரிட்ஜின் நடுத்தட்டில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள், ஃப்ரீசர் பக்கம் வேண்டாம். ஒருமுறை உறைந்த இன்சுலின் பார்க்க நன்றாக இருந்தாலும் உதவாது. திறந்த தேதியைக் குப்பியில் எழுதுங்கள். தயாரிப்பாளர் சொல்லும் கெடு 28 நாள். தினம் 2 யூனிட் செலவாகும் பூனைக்கு 10 மில்லிக் குப்பியில் 1000 யூனிட் என்பது பெரும்பகுதி வீண். அடுத்த முறை 3 மில்லி அளவில் வாங்கலாமா என்று கேளுங்கள்.

சாப்பிட்டானா என்று பார்த்துவிட்டுத்தான் ஊசி. பாதிக்கும் குறைவாகச் சாப்பிட்டால் எவ்வளவு போடுவது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி வையுங்கள். பலர் பாதி அளவு சொல்வார்கள். ஒன்றுமே சாப்பிடவில்லை, அல்லது வாந்தி என்றால் ஊசி போடாமல் உடனே அழையுங்கள். உணவை மறுத்து, சோர்ந்து, வாந்தியும் எடுக்கும் சர்க்கரைப் பூனைக்கு ரத்தத்தில் கீட்டோன் (இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பைக் கரைக்கும்போது சேரும் அமிலம்) ஏறியிருக்கலாம். அது மறுநாள் வரை காத்திருக்கும் விஷயமல்ல. சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டைகள் ஒரு டப்பா வீட்டில் இருக்கட்டும். நிறம் மாறினால், நேரம் எதுவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

உணவு விஷயம். பூனை மாமிச உண்ணி. அதன் சர்க்கரை நோய்க்கு மாவுச்சத்துக் குறைந்த, புரதம் மிகுந்த உணவு மருந்துக்கு நிகரானது. மொத்த ஆற்றலில் மாவுச்சத்தின் பங்கு 12 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. டப்பாவில் இது எழுதியிருக்காது, நாமே கணக்கிட வேண்டும். 100-இலிருந்து புரதம், கொழுப்பு, நார், சாம்பல், ஈரம் ஆகியவற்றைக் கழித்தால் மீதி மாவுச்சத்து. ஓர் ஈர உணவில் புரதம் 11, கொழுப்பு 5, நார் 0.5, சாம்பல் 2, ஈரம் 79 என்றால் மீதி 2.5. புரதத்தையும் மாவையும் 3.5-ஆலும் கொழுப்பை 8.5-ஆலும் பெருக்குங்கள்: 38.5, 8.75, 42.5. கூட்டினால் சுமார் 90. அதில் மாவு 8.75, ஆக ஏறத்தாழ 10 சதவீதம். தேறிவிட்டது. ஓர் உலர் உணவில் புரதம் 32, கொழுப்பு 12, நார் 4, சாம்பல் 7, ஈரம் 9 என்றால் மாவு 36. இதே கணக்கில் 37 சதவீதம் வரும். 'தானியம் இல்லாதது' என்று அட்டையில் இருந்தாலும் உருளைக்கிழங்கோ பட்டாணியோ அந்த இடத்தை நிரப்பியிருக்கும். அட்டைப் பெருமையை விட்டுவிட்டு எண்களைப் பாருங்கள்.

ஆனால் நாளைக்கே மாற்றிவிடாதீர்கள். மாவு குறைந்தால் சில நாளிலேயே இன்சுலின் தேவையும் குறையும். நேற்று சரியாக இருந்த அளவு இன்று அதிகமாகிவிடும். முதலில் சிரிஞ்சைச் சரிசெய்து, அளக்கப் பழகுங்கள். பிறகு மருத்துவரிடம் தேதி சொல்லிவிட்டு, ஏழு முதல் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் புது உணவைக் கலந்து மாற்றுங்கள். அந்த நாட்களில் அடிக்கடி அளக்க வேண்டும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் உணவுத் தேர்வு வேறாகும். 12 வயதில் அந்தப் பரிசோதனை அவசியம். பட்டினி போட்டுப் பழக்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். இரண்டு மூன்று நாள் சாப்பிடாத பூனைக்கு, அதுவும் பருத்த உடல்வாகாக இருந்தால், ஈரலில் கொழுப்பு படிந்து அதுவே தனி நோயாகிவிடும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். இனி எடை குறைவது நிற்க வேண்டும்.

மாத்திரை பற்றி: மனிதர்களுக்கான மாத்திரையைக் கொடுக்காதீர்கள். மெட்ஃபார்மினால் பூனைக்குப் பலன் இல்லை. கிளிபிசைடு சில பூனைகளுக்கே வேலை செய்யும், அதுவும் ஈரலைக் கண்காணித்துத்தான் கொடுக்க வேண்டும். பூனைக்கென்றே இப்போது வாய்வழி மருந்துகள் வந்திருக்கின்றன. 2022 டிசம்பரில் பெக்ஸாகிளிஃப்ளோசின் மாத்திரைக்கும், 2023 ஆகஸ்டில் வெலாகிளிஃப்ளோசின் திரவத்துக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இவை சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றுபவை, நாளைக்கு ஒரு வேளை போதும். ஆனால் அந்த அனுமதி, இதற்கு முன் இன்சுலின் போடாத, மற்றபடி ஆரோக்கியமான பூனைகளுக்கு மட்டும். இன்சுலினை நம்பியிருக்கும் பூனைக்குக் கொடுத்தால், சர்க்கரை எண் அழகாக இருக்கும்போதே கீட்டோன் ஏறி உயிருக்கு ஆபத்தாகலாம். பஞ்சு ஏற்கெனவே இன்சுலினில் இருக்கிறான். அவனுக்கு இந்தப் பாதை வேண்டாம்.

அதற்காக வாழ்நாள் முழுக்க ஊசிதான் என்று மனம் தளர வேண்டாம். பூனைகளின் சர்க்கரை நோய் பெரும்பாலும், கணையம் முழுவதுமாகக் கைவிடாத வகை. சர்க்கரையைச் சீக்கிரம் கட்டுக்குள் கொண்டுவந்து, மாவுச்சத்தையும் குறைத்தால், ஒரு பகுதிப் பூனைகளுக்கு இன்சுலின் தேவையே இல்லாமல் போகிறது. நடப்பதானால் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள் நடக்கும். மருந்தளவு அரை யூனிட் வரை இறங்கி, எண்களும் இயல்பாகவே இருந்தால் மருத்துவர் நிறுத்திப் பார்ப்பார். பிறகும் உணவுக் கட்டுப்பாடும் வாராந்தர அளவும் தொடர வேண்டும், நோய் திரும்புவது உண்டு.

சரியான சிரிஞ்சு, சரியான அளவு, சரியான உணவு எல்லாம் இருந்தும் எண்கள் இறங்காவிட்டால், இன்சுலினை மட்டும் கூட்டிக்கொண்டே போகாமல் காரணத்தைத் தேட வேண்டும். பல் சீழ், சிறுநீர்த் தொற்று, கணைய அழற்சி, தைராய்டு மிகைச் சுரப்பு எல்லாம் குறுக்கே நிற்கும். அரிப்புக்கோ வாய்ப்புண்ணுக்கோ ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள், நோயைக் கிளப்பிவிட்டதே அதுவாக இருக்கலாம். வேளைக்கு 5, 6 யூனிட்டைத் தாண்டியும் அசையாத பூனைக்கு, அதுவும் எடை கூடி முகமும் பாதமும் பெருத்தால், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று ஐ.ஜி.எஃப்-1 என்ற ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

நடைக்கு வருகிறேன். குதிகால் தரையில் படுவது, நீண்ட நாள் ஏறியிருந்த சர்க்கரையால் கால் நரம்புகள் நலிந்ததன் விளைவு. சர்க்கரை கட்டுக்குள் வந்தால் பல பூனைகளுக்கு நடை மேம்படும். வாரங்களில் தொடங்கி மாதக் கணக்கில் நீளும், சிலருக்கு முழுதும் திரும்புவதில்லை. நரம்புக்கு என்று மனிதர்களுக்கு விற்கும் மாத்திரைகள் பலவற்றில் மெத்தில்கோபாலமினுடன் (ஒரு வகை வைட்டமின் பி12) ஆல்ஃபா லிப்போயிக் அமிலமும் சேர்ந்திருக்கும். இந்த அமிலம் பூனைக்குக் கடும் நஞ்சு. மருத்துவர் சொல்லாமல் எந்த நரம்பு மாத்திரையும் வேண்டாம். அதுவரை வழுக்கும் தரையில் பாய் விரியுங்கள், அவன் ஏறும் கட்டிலருகே ஒரு படி வையுங்கள், மணல் தட்டின் ஒரு பக்க விளிம்பைத் தாழ்வாக வெட்டிவிடுங்கள். மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் அவன் நடப்பதைப் பின்னாலிருந்து கைபேசியில் படம் பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றம் அதில் தெரியும்.